நுரையீரல் நோயாளியின் கையில் ஒரு சுகர் சென்சார்: நாலு சென்சார் போட்டுப் பார்த்த அனுபவம்

காலையில் வெறும் வயிற்றில் 104. அன்றைக்கே சாயங்காலம் நாலரை மணிக்கு 271. ஒரே மனிதர், ஒரே நாள், நடுவில் பத்து மணி நேரம்தான்.

என் அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், டாக்டர்கள் சிஓபிடி என்பார்கள், பதினோரு வருஷமாக இருக்கிறது. சர்க்கரை வியாதி இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. மூச்சு முற்றிப்போய் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் மேலே சொன்ன இரண்டு எண்களையும் பார்த்தேன். காட்டியது அவர் கையில் ஒட்டியிருந்த சென்சார். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கம்பெனி பேரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்கிற நல்லதும் கெட்டதும் இந்த வகைச் சென்சார்கள் பலவற்றுக்கும் பொருந்தும். சர்க்கரை நோயாளிகள் எழுதிய விமர்சனங்கள் நிறையக் கிடைக்கின்றன, ஆனால் மூச்சு நோய்க்காரர் ஒருவர் இதைப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று தேடியபோது எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருள். பெரிய நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை. மேல்கையின் பின்பக்கச் சதையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும், அதன் அடியில் இருக்கும் மயிரிழை மாதிரியான ஒரு கம்பி தோலுக்குள் போய்விடும். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தார், "குத்திட்டியாம்மா?" என்று கேட்டபோது வேலை முடிந்து அரை நிமிஷம் ஆகியிருந்தது. ஒரு மணி நேரம் தயாராக எடுத்துக்கொள்ளும், அதற்கப்புறம் 14 நாளைக்கு சர்க்கரை அளவை போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தை. அதனால் ரத்தத்தில் நடப்பது இதில் தெரிய ஐந்திலிருந்து பதினைந்து நிமிஷம் தாமதமாகும். சர்க்கரை வேகமாக ஏறும்போதோ இறங்கும்போதோ இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மற்ற நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை ஏன் வாங்கினோம் என்று சொல்ல, அதற்கு முந்தைய முறை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அப்போது அப்பாவுக்குச் சளி பச்சையாகி, மூச்சுத்திணறல் கூடி, ஒரு மருத்துவமனையில் நாலு நாள் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள், கூடவே "சுகர் கொஞ்சம் ஏறும், காலையில வெறும் வயித்துல பாத்துக்கோங்க" என்றார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். தினமும் காலை ஆறரைக்கு விரலில் குத்துவோம். 98, 110, 106. நோட்டில் எழுதி வைத்து நிம்மதியாக இருந்தோம். இதற்கிடையில் அப்பாவுக்கு வாய் வறண்டுகொண்டே இருந்தது, ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்தார். வாய் வறட்சிக்கு நெபுலைசர் மருந்துதான் காரணம் என்று நினைத்தோம், அந்த மருந்துகளில் சிலதுக்கு வாயை வறட்டும் குணம் உண்டு, மூக்கில் ஆக்சிஜன் போனாலும் வறளும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆறாம் நாள் மதியம் ஆளே சோர்ந்து போய்ப் பேச்சு குழறிய மாதிரி இருந்தது. கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டதோ என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அவருக்கு வழக்கமாக இருக்கும் அளவில்தான் இருந்தது. சர்க்கரை 342.

அன்றைக்குக் காலையில் எங்கள் நோட்டில் எழுதியிருந்த எண் 112.

பிரட்னிசோலோன் மாதிரியான ஸ்டீராய்டைக் காலையில் ஒரே வேளையாகக் கொடுத்தால், அது சர்க்கரையை மதியத்துக்கு மேல்தான் தூக்கும். மாத்திரை போட்ட நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், ராத்திரி மெதுவாக இறங்கும், விடியும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் சிஓபிடி நோயாளிகளுக்கு இதே மாதிரி தொடர் சென்சாரைப் போட்டுப் பார்த்து, பிரட்னிசோலோன் சர்க்கரையை முக்கியமாகப் பிற்பகலிலும் மாலையிலும்தான் ஏற்றுகிறது என்று 2011-இலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்க்கச் சொல்வது, திருடன் சாயங்காலம் வருவான் என்று தெரிந்தும் விடியற்காலையில் காவலுக்கு நிற்கச் சொல்வது போலத்தான். ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் ஒரே ஒரு தடவைதான் குத்த முடியும் என்றால், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலோ குத்துங்கள். இந்த விமர்சனத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சரி, கொஞ்ச நாள் சர்க்கரை ஏறினால் என்ன, மாத்திரையை நிறுத்தினால் இறங்கிவிடாதா? நானும் அப்படித்தான் கேட்டேன். எங்கள் நுரையீரல் டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார், அப்புறம் நானே தேடிப் படித்தேன். லண்டனில் உள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், சிஓபிடி முற்றிப்போய்ச் சேர்ந்தவர்களின் பதிவுகளை எடுத்து, சர்க்கரை அளவை வைத்து நாலு கூட்டமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 284 பேர். 2006-இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்தது. அவர்கள் மில்லிமோல் கணக்கில் சொல்வதை நம் மீட்டரில் வரும் மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற 18-ஆல் பெருக்க வேண்டும். சர்க்கரை 108-க்குக் கீழே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 126-லிருந்து 160 வரை இருந்தவர்கள் இறந்துபோவது அல்லது நீண்ட நாள் மருத்துவமனையில் கிடப்பது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. 162-க்கு மேல் போனவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. முன்பே சர்க்கரை வியாதி இருந்ததா இல்லையா, வயது என்ன, நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை. சளியில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியும், ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகளும் கிடைப்பது சர்க்கரை ஏற ஏறக் கூடியிருக்கிறது.

அந்தக் கிருமி விஷயம்தான் என்னை உலுக்கியது. நம் மூச்சுக்குழாயின் உள்பக்கத்தில் மெல்லிய ஈரப்படலம் ஒன்று இருக்கிறது. நல்ல நிலையில் அதில் இருக்கும் சர்க்கரை, ரத்தத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கிருமிக்குத் தீனி கிடைக்காமல் உடம்பு பார்த்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஓர் அளவைத் தாண்டினால் அது இந்தப் படலத்துக்குள் கசிய ஆரம்பிக்கிறது, அழற்சியால் புண்ணாகிப்போன மூச்சுக்குழாயில் கசிவு இன்னும் சுலபம். ஏற்கெனவே சளி கட்டிக்கிடக்கும் இடத்தில் சர்க்கரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதை ஒரே பக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் கடுமையாக இருப்பவருக்கு உடம்பின் அழுத்த ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றிவிடும், அதனால் சர்க்கரை ஏறியதால் நிலைமை மோசமானதா, நிலைமை மோசமாக இருந்ததால் சர்க்கரை ஏறியதா என்று இந்த மாதிரி ஆய்வுகளை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. சர்க்கரையை இறக்கினால் மூச்சு நோய் சீக்கிரம் தேறும் என்று நினைத்து அதே லண்டன் குழுவினர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள், 52 பேரை வைத்து நடந்த சோதனை, 2016-இல் வந்தது. சர்க்கரை வியாதி இல்லாத அந்த நோயாளிகளின் சர்க்கரையையே மெட்ஃபார்மின் குறைக்கவில்லை. இன்னொரு பக்கம், சர்க்கரையை மிகவும் இறுக்கிப் பிடிப்பதும் ஆபத்துதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் 6,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய நைஸ்-சுகர் ஆய்வில் (2009), 81-க்கும் 108-க்கும் நடுவில் இறுக்கி வைத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள், 180 அல்லது அதற்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 சதவீதம். ஆகவே சென்சாரை வாங்கிவிட்டு 100-ஐத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். எங்கள் டாக்டர் அம்மா வைத்த எல்லையும் 180-தான், "இருநூறைத் தாண்டி மணிக்கணக்காக நின்னா போன் பண்ணுங்க, எழுபதுக்குக் கீழ போனா உடனே பாருங்க, நடுவுல இருக்கிறதை விட்டுடுங்க" என்றார். இந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் பாதிப் பதற்றத்தைக் குறைத்தது.

இப்போது அந்த வரைபடம். அடுத்த தடவை அப்பாவுக்கு மூச்சு முற்றியபோது, பிரட்னிசோலோன் 40 மில்லிகிராம் ஐந்து நாளைக்கு எழுதினார்கள், அன்றே சென்சாரையும் போட்டோம். (முன்பெல்லாம் இரண்டு வாரம் கொடுப்பார்கள். சுவிட்சர்லாந்தில் 314 பேரை வைத்து நடந்து 2013-இல் வந்த ரெட்யூஸ் ஆய்வு, அடுத்த ஆறு மாதத்துக்குள் நோய் திரும்ப முற்றுவதைப் பொறுத்தவரை ஐந்து நாள் 14 நாளுக்குச் சளைத்ததில்லை என்று காட்டிய பிறகு வழிகாட்டுதல்களும் மாறின. உங்கள் வீட்டில் யாருக்காவது இன்னும் வாரக்கணக்கில் எழுதினால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிலருக்குக் காரணம் இருக்கும், கேட்பதில் தவறில்லை.) முதல் நாள் வரைபடம் சமதரை மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் மதியம் ஒரு மேடு. மூன்றாம் நாள் அது மலையாகிவிட்டது: பதினொரு மணிக்கு 140, ஒன்றரைக்கு 205, நாலரைக்கு 271, எட்டு மணிக்கு 230, நடுராத்திரி 150, விடியற்காலை ஐந்துக்கு 101. போன் திரையை அப்படியே படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் டாக்டர் அம்மா கூப்பிட்டார். மாத்திரையோடு சேர்த்துக் காலையிலேயே போட ஒரு நடுத்தர நேர இன்சுலினைச் சிறிய அளவில் எழுதினார். அதன் வேகமும் ஸ்டீராய்டின் வேகமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் என்பதுதான் காரணம். ராத்திரியில் போடும் நீண்ட நேர இன்சுலின் என்றால், சர்க்கரை தானாக இறங்கும் விடியற்காலையில் இன்னும் இறக்கிப் படுக்க வைத்துவிடும் என்றார். காலைச் சர்க்கரை 104 மட்டும் கையில் இருந்திருந்தால் எந்த டாக்டரும் இன்சுலினை எழுதியிருக்க மாட்டார், எழுதவும் கூடாது.

ஐந்தாம் நாளோடு மாத்திரை முடிந்தது. ஆறாம் நாள் மலை பாதியானது, எட்டாம் நாள் சின்ன மேடு. இன்சுலினை எப்போது நிறுத்துவது என்பதை வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஸ்டீராய்டு நின்ற பிறகும் அதே அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டே இருந்தால் லோ சுகர் வருவது நிச்சயம், அந்த நாட்களில் சென்சார் கையில் இருந்தது எனக்குப் பெரிய தைரியம்.

அப்புறம் ஒரு ராத்திரி. பத்தே முக்கால் இருக்கும். நெபுலைசர் வைத்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது, அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முன்னால் குனிந்து முழங்கைகளை மேசையில் ஊன்றியிருந்தார், மூச்சு வாங்கும்போது எப்போதும் அப்படித்தான் உட்காருவார். தண்ணீர் டம்ளரை நீட்டினேன். வாங்கிய கை வெடவெடவென்று நடுங்கியது, தண்ணீர் விளிம்பில் தளும்பி மேசையில் சிந்தியது. நெஞ்சு படபடவென்று அடிப்பதாகச் சொன்னார். அன்றைக்குக் காலையில் இன்சுலின் போட்டிருந்தோம். இது நெபுலைசரில் வைத்த சால்பியூட்டமால் மருந்தின் நடுக்கமா, சர்க்கரை இறங்கிய நடுக்கமா? இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். போனைத் தொட்டேன். 163, அம்புக்குறி நேராக, அதாவது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மருந்து நடுக்கம்தான். முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன், முக்கால் மணி நேரத்தில் அடங்கியது. சென்சார் இல்லாமல் இருந்திருந்தால், நடுங்குகிற கையின் விரலைப் பிடித்துக் குத்தி, ரத்தம் வராமல் பிதுக்கி, ஸ்ட்ரிப் வீணாகி, அதற்குள் அவர் மூச்சு இன்னும் ஏறியிருக்கும், இல்லையென்றால் பயத்தில் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து ஏற்கெனவே ஏறியிருக்கும் சர்க்கரையை இன்னும் ஏற்றியிருப்போம். சால்பியூட்டமாலே சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது என்பது வேறு. இந்த ஒரு ராத்திரிக்காகவே நான் இதற்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன்.

ஐந்தாவது நட்சத்திரம் ஏன் இல்லை என்பதற்கும் நிறையக் காரணம் இருக்கிறது.

பொய் அலாரம் முதல் காரணம். இரண்டாவது சென்சாரில், ராத்திரி மூன்று மணிக்குப் போன் அலறியது, 58 என்று சிவப்பில் காட்டியது. ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா சென்சார் இருக்கும் பக்கமாக ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி விரலில் குத்தினால் 117. கையின் மேல் உடம்பின் பாரம் விழுந்தால் அந்த இடத்துத் திரவ ஓட்டம் நசுங்கி, இல்லாத லோ சுகரை இது காட்டும். இது தெரிந்த குறைதான், கையேட்டிலும் போட்டிருந்தது. ஆனால் மூச்சு நோய்க்காரரை நடுராத்திரியில் திடுக்கிட வைத்து எழுப்பினால் அந்தப் பதற்றத்திலேயே மூச்சு ஏறும், திரும்ப அடங்க ஒரு மணி நேரம் ஆகும். அதனால் அவர் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார் என்று பார்த்து எதிர்க் கையில் ஒட்டுங்கள். அலாரம் அடிக்கும் போன் அவர் தலைமாட்டில் இருக்க வேண்டாம், பார்த்துக்கொள்பவரிடம் இருக்கட்டும்.

தோல் இரண்டாவது. வருஷக்கணக்கில் அடிக்கடி ஸ்டீராய்டு எடுத்தவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருக்கும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும். முதல் சென்சாரை 14-ஆம் நாள் சாதாரணமாகப் பிளாஸ்திரி உரிப்பது போல உரித்தேன். பசையோடு சேர்ந்து தோலும் அரை விரல் நீளத்துக்குக் கிழிந்து வந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் புண் ஆற மூன்று வாரம் ஆனது, எனக்கு அது இன்னும் வலிக்கிறது. இப்போதெல்லாம் விளிம்பைச் சுற்றி எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் ஊற விட்டு, தோலை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே இழுக்காமல் தோலோடு ஒட்டிய வாக்கில் மெதுவாக மடித்து எடுக்கிறேன். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, வயதானவர்கள்தானே அதிகம் வாங்குகிறார்கள், போட்டிருக்கலாம்.

ஸ்கேன் மூன்றாவது. நுரையீரல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எப்போது வேண்டுமானாலும் வரும். எங்கள் சென்சாரின் கையேடு ஸ்கேனுக்கு முன் கழற்றச் சொல்கிறது, கழற்றினால் திரும்ப ஒட்ட முடியாது. மூன்றாவது சென்சார் அப்படி ஆறே நாளில் போனது. எட்டு நாள் காசு வீண். ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருந்தால் அது முடிந்த பிறகே புது சென்சாரைப் போடுங்கள்.

ஆக்சிஜன் குழாய் ஒரு தடவை சென்சாரில் மாட்டி இழுத்தது, விழவில்லை. குழாயை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றியதோடு சரி.

முதல் நாள் எண்களை நம்ப வேண்டாம். நான் ஒவ்வொரு சென்சாருக்கும் முதல் 24 மணி நேரத்தில் நாலு தடவை விரலிலும் குத்திப் பார்த்தேன். முதல் நாளில் 40 வரை வித்தியாசம் வந்தது, இரண்டாம் நாளிலிருந்து 10, 15-க்குள் ஒத்துப்போனது. ஸ்டீராய்டு ஆரம்பிக்கும் அன்று காலையிலேயே ஒட்டிவிட்டால், மலை ஏற ஆரம்பிக்கும் நேரத்துக்கு அது நிதானத்துக்கு வந்திருக்கும். வைட்டமின் சி மாத்திரை அதிக அளவில் எடுத்தால் சில வகைச் சென்சார்கள் இல்லாத சர்க்கரையைக் காட்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சளி என்றதும் பலரும் முதலில் விழுங்குவது அதைத்தானே.

"அப்போ விரலில் குத்துற மீட்டரே போதுமே?" என்று அண்ணன் கேட்டார். போதும்தான், சரியான நேரத்தில் குத்தினால். ஆனால் மீட்டருக்கும் மூச்சு நோய்க்கும் நடுவே யாரும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. சில மீட்டர்களின் ஸ்ட்ரிப்பில் இருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. அந்த வேதிவினைக்குள் ரத்தத்தின் ஆக்சிஜனும் புகுந்துகொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருந்தால் சர்க்கரையைக் கூடுதலாகக் காட்டும், ஆக்சிஜன் வைத்து அளவு மிகவும் ஏறியிருந்தால் குறைவாகக் காட்டும். குளுக்கோஸ் டீஹைட்ரோஜினேஸ் நொதி உள்ள ஸ்ட்ரிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, வருஷக்கணக்கில் ஆக்சிஜன் குறைவாகவே இருந்து பழகிய உடம்பு, ஈடுகட்ட ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். ரத்தம் அப்படிக் கெட்டியாகிப்போனால் மீட்டர் சர்க்கரையை உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். எந்த அளவு சிவப்பணு வரை மீட்டர் சரியாகக் காட்டும் என்பதை ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் இருக்கும் மடித்த காகிதத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், ஹெமட்டோகிரிட் என்ற சொல்லைத் தேடுங்கள். அப்பாவின் ஹெமட்டோகிரிட் 54, எங்கள் பழைய மீட்டரின் எல்லை 55. மாற்றிவிட்டோம். இதெல்லாம் போக, நல்ல மீட்டருக்கே சர்வதேசத் தரம் அனுமதிக்கும் பிசகு, 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம். 200 என்று காட்டினால் 175-ஆகவும் இருக்கலாம், 230-ஆகவும் இருக்கலாம். ஒரு எண்ணைப் பார்த்து அலறாமல் போக்கைப் பாருங்கள் என்பதற்கு இதுவும் காரணம், போக்கைக் காட்டுவதில்தான் சென்சார் மீட்டரை ஜெயிக்கிறது.

மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை, எச்பிஏ1சி, இந்த விஷயத்தில் அவ்வளவாக உதவாது. அப்பாவுக்கு 6.1 வந்தது, எல்லைக்கோட்டில் இருக்கிறார் என்று மட்டும் அது சொல்லும். ஐந்து நாள் மாலைகளில் 270-ஐத் தொட்டது மூன்று மாதச் சராசரியில் கரைந்துபோகும்.

கம்பெனியின் சேவையைப் பற்றி இரண்டு வார்த்தை. நாலாவது சென்சார் ஒன்பதாம் நாளே 'சிக்னல் இல்லை' என்று நின்றுவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். 25 நிமிஷம் காத்திருப்பு, அப்புறம் வந்த பெண் நிதானமாகப் பேசினார், பெட்டியில் உள்ள வரிசை எண்ணைக் கேட்டார், நான் பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தேன். எண் இல்லாமல் மாற்றித் தர முடியாது என்றார். செயலியில் அந்த எண் இருக்குமா என்று கேட்டேன், தெரியாது என்றார். அரை மணி நேரம் நானே துழாவிக் கண்டுபிடித்தேன், அமைப்புகள் பகுதியில் நாலாவது பக்கத்தில் ஒளிந்திருந்தது. திரும்பப் போன் செய்து சொன்னதும் மாற்றுச் சென்சார் ஆறு நாளில் வந்தது. பொருள் நேர்மையாக வந்து சேர்ந்தது, ஆனால் ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் நின்றுபோயிருந்தால், கோர்ஸே ஐந்து நாள்தானே, ஆறாம் நாள் வந்து என்ன பிரயோஜனம். பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

யார் வாங்கலாம்? சிஓபிடி-யோடு சர்க்கரை வியாதியும் இருந்து இன்சுலின் போடுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், டாக்டரிடம் கேட்டு வருஷம் முழுக்கவே போடலாம். அப்பா மாதிரி எல்லைக்கோட்டில் இருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால், அந்த இரண்டு வாரங்களுக்கு மட்டும் போதும். ஸ்டீராய்டே எடுக்காமல் இன்ஹேலரிலேயே நன்றாக இருப்பவர் வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் மூச்சுப் பயிற்சிக்குப் போகலாம், பலன் அதிகம். எண்களைப் பார்த்தாலே பதறுகிற சுபாவம் இருப்பவர் என்றால் போன் வேறொருவர் கையில் இருக்கட்டும். படத்தைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு டாக்டர் இல்லாமல் இதை மட்டும் வாங்கி ஒட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை. வரைபடத்தைப் பார்த்துவிட்டு நீங்களாகவே ஸ்டீராய்டைக் குறைத்தால், சர்க்கரை இறங்கும், மூச்சு நின்றுபோகும்.

மாற்றி வந்த சென்சார் இப்போது அப்பாவின் அலமாரியில், அவசரத்துக்கென்று டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டியின் மேல் காலாவதித் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், அதற்குக் கீழே அப்பா தன் கையெழுத்தில் 'இடது கை, சாயங்காலம் நாலு மணிக்குப் பார்' என்று எழுதி வைத்திருக்கிறார்.